பார்க்கின்சன் நோயும் உடற்பயிற்சியும்: குமரி மாவட்டத்து வீடுகளில் கேட்கிற கேள்விகள்

தக்கலை, நாகர்கோவில், குளச்சல் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் நான். போகிற வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயாளிகளுக்கு அன்பினால் நடக்கிற கெடுதல் ஒன்று உண்டு. “நீங்க ஒண்ணும் செய்யாண்டாம், சும்மா இருங்கப்பா, நான் எடுத்துத் தாறேன்” என்பதுதான் அது. கீழே உள்ள பதில்களில் பாதி, இந்த ஒரு வாக்கியத்தோடு நான் போடுகிற சண்டை.

கை நடுங்கினாலே பார்க்கின்சன்தானா?

இல்லை. கை நடுங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. சாயா கிளாஸைத் தூக்கும்போது மட்டும் நடுங்குகிற கை பெரும்பாலும் வேறு வகை நடுக்கம். பார்க்கின்சனில் மடியில் சும்மா வைத்திருக்கும் கைதான் அதிகம் நடுங்கும். நடுக்கமே இல்லாமல் இந்த நோய் இருப்பவர்களும் உண்டு. அசைவு மெதுவாவதும் சிறிதாவதும்தான் முக்கியமான அடையாளம். மூளையின் நடுப்பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கிற அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் வருவது இது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் இதை விவரித்து எழுதினார். அவர் பிறந்த ஏப்ரல் 11தான் உலகப் பார்க்கின்சன் நாள்.

வீட்டில் கவனிக்கச் சில விஷயங்கள் உண்டு. நடக்கும்போது ஒரு கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கும். கையெழுத்து வரி முடிவதற்குள் எறும்பளவு ஆகிவிடும். வாசலில் கழற்றிப்போட்ட செருப்பைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று மட்டும் முன்விளிம்பில் தேய்ந்திருக்கும், அந்தக் காலை இழுத்து நடப்பதால். மணம் தெரியாமல் போவது, மலச்சிக்கல், தூக்கத்தில் கத்திக் கைகாலை உதறுவது எல்லாம் நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வரலாம். முடிவு சொல்ல வேண்டியவர் நரம்பியல் மருத்துவர்.

மாத்திரை சாப்பிடுகிறாரே, பயிற்சி எதற்கு?

லெவோடோபா மாத்திரை குறைந்துபோன டோபமினை ஈடுகட்டும். விறைப்பும் மெதுவும் குறையும். ஆனால் உடம்பின் சமநிலை, திரும்பும்போது வருகிற தடுமாற்றம், குனிந்த முதுகு, குரல் ஆகியவற்றில் மாத்திரையின் பிடி அவ்வளவு இல்லை. தசைபலத்தை எந்த மாத்திரையும் தருவதில்லை. அந்த இடத்தில்தான் பயிற்சி வேலை செய்கிறது.

இது வெறும் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு ஒன்று, இன்னும் மருந்து தொடங்காத ஆரம்பகட்ட நோயாளிகள் 128 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு பிரிவினர் டிரெட்மில்லில் வாரம் நான்கு நாள் என்ற திட்டத்தில் மூச்சு வாங்குமளவு வேகமாக நடந்தார்கள். அதாவது இதயத்தின் உச்சத் துடிப்பில் 80 முதல் 85 சதவீதம் வரை. ஆறு மாதம் கழித்து அளந்தபோது, வழக்கம்போல் இருந்தவர்களின் அசைவுக் குறைபாட்டு மதிப்பெண் 3 புள்ளிக்கு மேல் மோசமாகியிருந்தது. வேகமாக நடந்தவர்களுக்கு அது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. நெதர்லாந்தில் வீட்டிலேயே நிலைசைக்கிள் மிதித்தவர்களிடமும் இதே போக்கு தெரிந்தது. 2012இல் வெளியான இன்னொரு ஆய்வில், வாரம் இருமுறை தாய்ச்சி என்ற மெதுவான சீன அசைவுப் பயிற்சியைப் பழகியவர்கள் வெறும் நீட்டல் பயிற்சி செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

அப்படியானால் நோய் குணமாகிவிடுமா?

ஆகாது. நோயின் ஓட்டத்தையே மெதுவாக்குமா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. நடை, சமநிலை, மனநிலை ஆகியவை நன்றாவது மட்டும் உறுதி. “ஆறு மாசத்துல மாத்திரைய நிறுத்திடலாம்” என்று யாராவது சொன்னால் அவரிடம் போகாதீர்கள். லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

என்ன பயிற்சி? எவ்வளவு நேரம்?

நான்கு வகை வேண்டும். மூச்சு வாங்க வைக்கிற நடை அல்லது சைக்கிள், வாரம் மூன்று நாளாவது, ஒரு தடவைக்கு அரை மணி நேரம். பேசலாம், ஆனால் பாட முடியாது என்கிற அளவு வேகம் போதும். நாடித்துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம், இந்த நோயிலும் சில பிரஷர் மாத்திரைகளிலும் துடிப்பு ஏற வேண்டிய அளவு ஏறாது. தசைபலப் பயிற்சி வாரம் இரண்டு மூன்று நாள், சமநிலைப் பயிற்சியும் அதே அளவு. உடம்பை நீட்டி நிமிர்த்துவது தினமும். நெஞ்சுவலி, இதயநோய், சர்க்கரை இருந்தால் வேகம் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க முடியாது என்பவர்களுக்கு, ஒன்றே ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சொல்வேன். கை வைத்த உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும் என்றால் வேண்டாம். பிட்டத்தை நகர்த்தி நாற்காலியின் விளிம்புக்கு வர வேண்டும். பாதங்களை முட்டுக்குப் பின்னால் இழுக்க வேண்டும், தோள் அகலம் விரித்து. பிறகு மூக்கு கால்விரல்களைத் தாண்டும்வரை முன்னால் சாய்ந்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று சத்தமாக எண்ணி ஒரே மூச்சில் எழ வேண்டும். எழுந்ததும் நெஞ்சை விரித்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் அகலமாக நீட்டி ஒரு நொடி நிற்க வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும். பத்துமுறை. எழ முடியாதவர்கள் பெரும்பாலும் பின்னால் சாய்ந்தபடியே எழப் பார்ப்பவர்கள். மூக்கு முன்னால் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்பா இன்னும் ரப்பர் தோட்டத்துக்குப் போறாரு. அந்த வேலையே பயிற்சிதானே?

போகட்டும், தடுக்காதீர்கள். ஆனால் அது போதாது.

பார்க்கின்சன் அசைவின் அளவைச் சுருக்குகிறது. சுருங்கியது நோயாளிக்குத் தெரிவதில்லை. படிக்கல் தேய்ந்த தராசு போல, மூளை குறைந்த எடையைக் காட்டி நிறைவாக இருக்கிறது என்று சொல்லும். நாம் “கால எடுத்து வையுங்க” என்றால் “வச்சுகிட்டுத்தானே இருக்கேன்” என்பார், அவருக்கு அது உண்மைதான். பழகிய வேலையை மூளை தானாகச் செய்துகொள்ளும். மரத்துக்கு மரம் போகிற அடி வருடாவருடம் ஒரு விரற்கடை குறைவதை அவர் கவனிக்க மாட்டார்.

அதனால் பயிற்சியில் நாங்கள் கேட்பது அளவு: அதிகமாகத் தோன்றுகிற அளவு பெரிய அசைவு. உலகம் முழுக்கக் கையாளப்படுகிற ஒரு முறையில் வாரம் நான்கு நாள் வீதம் நான்கு வாரம், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் இதைத்தான் பழக்குகிறார்கள். முன்னால் பெரிய எட்டு, பக்கவாட்டில் பெரிய எட்டு, பின்னால் பெரிய எட்டு, கை விரல்நுனிவரை விரிய. “கூத்தாடுற மாதிரி இருக்கு” என்று வெட்கப்படுவார்கள். அப்போது செல்போனில் படம்பிடித்துக் காட்டுவேன். கூத்தாடுவதாக அவர் நினைத்த நடை, திரையில் பார்த்தால் சாதாரண மனிதன் நடக்கிற நடையாக இருக்கும். நான் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்தப் படம் வேலை செய்யும்.

எந்த நேரத்தில் செய்வது?

மாத்திரை வேலை செய்கிற நேரத்தில். பெரும்பாலோருக்கு மாத்திரை போட்டு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து உடம்பு இளகும். எந்த நேரத்தில் நன்றாக இருக்கிறார், எப்போது இறுகுகிறார் என்று ஒரு வாரம் நோட்டில் குறித்துப் பாருங்கள். அந்த நோட்டு மருத்துவருக்கும் உதவும்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சாப்பாட்டு விஷயம் ஒன்று. மீன், முட்டை, பால், பயறு ஆகியவற்றின் புரதம் லெவோடோபா உடம்பில் சேர்வதை மறிக்கும். காலையில் புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டே மாத்திரையை விழுங்கினால், “இன்னைக்கு மாத்திரை பிடிக்கல” என்றாகும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, சாப்பிட்டு ஒன்றரை மணி கழித்தோ போடுவது நல்லது. மீனை விட வேண்டியதில்லை, நேரத்தைப் பிரித்தால் போதும். வெறும் வயிற்றில் குமட்டினால் மருத்துவரிடம் சொல்லி ஒரு சின்ன பிஸ்கட்டோடு போடலாம்.

எழுந்து நிற்கும்போது கண்ணைக் கட்டுகிறது என்றால் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று பொருள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாதங்களை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழட்டும். இது அடிக்கடி வந்தால் மருந்தைச் சரிபார்க்க வேண்டும்.

எங்கே நடக்கலாம்? கடற்கரை நல்லதா?

ஆரம்பகட்டம் என்றால், துணையோடு, அலை நனைத்து இறுகிய மணலில் நடக்கலாம். சங்குத்துறை, சொத்தவிளை இரண்டும் அழகான இடங்கள்தான். ஆனால் காய்ந்த மணலில் கால் புதையும், ஏற்கெனவே காலை இழுத்து நடப்பவர் அங்கே விழுவார். அலைப்பக்கம் சரிவாக இருப்பதும் சமநிலைக்கு நல்லதல்ல.

நாஞ்சில்நாட்டுப் பக்கம் சானல் (பாசனக் கால்வாய்) கரைகள் சமமாக நீண்டு கிடக்கின்றன. தண்ணீர்ப் பக்கம் துணைக்குப் போகிறவர் நடக்கட்டும். மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்து ஏற்ற இறக்கச் சாலைகளில் நடைபாதையும் கிடையாது, வண்டி நெருக்கமும் அதிகம். அங்கே பள்ளிக்கூட மைதானம், கோயில் வெளிப்பிராகாரம், தேவாலய வளாகம் என்று எது திறந்திருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, “மழை விட்டதும் தொடங்கலாம்” என்றால் வருடத்தில் பாதி போய்விடும். மழைநாளில் மாடி வராந்தாவில் நீளமாக நடக்கலாம், அல்லது நின்ற இடத்தில் முட்டியை உயரத் தூக்கிப் போடலாம்.

கை வீசவில்லை என்றால் ஒரு வழி. இரண்டு சிலம்பக் கம்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி முன்னால், நீங்கள் பின்னால், இருவரும் இரு கையிலும் கம்பின் முனையைப் பிடித்தபடி நடங்கள். உங்கள் கைவீச்சு கம்பு வழியாக அவர் கைக்குப் போகும். பேரப்பிள்ளைகள் இதை ஆசையோடு செய்வார்கள்.

நடந்துகொண்டே இருக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொள்கிறது. இழுத்துக்கொண்டு போகலாமா?

ஒருபோதும் இழுக்காதீர்கள். உடம்பு முன்னால் வரும், கால் வராது, முகம் தரையில் அடிக்கும்.

கால் உறைவது பெரும்பாலும் நான்கு இடங்களில்: நிலைப்படியில், திரும்புகிற இடத்தில், குறுகலான வழியில், அவசரத்தில். போன் அடித்தால், வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தால் உறைவார்கள். அப்போது அவரைச் சுற்றி நின்று நான்கு பேர் “வாங்க, வாங்க” என்று சொல்வது நிலைமையை மோசமாக்கும். ஒரே ஒருவர் பேசுங்கள். “நில்லுங்க. நிமிருங்க. எடைய இந்தக் காலுக்கு, இப்ப அந்தக் காலுக்கு. இப்ப ஒரு பெரிய எட்டு.” அவ்வளவுதான்.

தானாக வராத அடி, வெளியிலிருந்து ஒரு குறி கொடுத்தால் வரும். மூளை வேறு பாதையில் அந்த அசைவை எடுத்துக்கொள்கிறது. சமையலறை வாசலுக்கு முன் தரையில் பளிச்சென்ற நிறத்தில் டேப்பைக் குறுக்கு வரிகளாக, ஓர் எட்டு இடைவெளியில் ஒட்டுங்கள். வரியைத் தாண்டச் சொல்லுங்கள். சமதளத்தில் உறைகிற கால் வரியைத் தாண்டிவிடுவதைப் பார்த்து வீட்டார் அதிசயப்படுவார்கள். தாளமும் அப்படித்தான். அம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குடத்தின் தாளம் காதில் விழுந்தால் கால் எழும். சிலருக்குத் தேவாலயத்தில் பாடுகிற கீர்த்தனை. அவருக்குப் பிடித்த, நடைக்கு ஒத்த வேகமுள்ள பாட்டாக எடுங்கள்.

திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக் கூடாது. அகல வளைவாக, அடியெடுத்து வைத்துத் திரும்ப வேண்டும்.

வீட்டில் விழாமல் இருக்க என்ன செய்யலாம்?

முதலில் காலைப் பாருங்கள். குதிகாலில் பிடிப்பில்லாத ரப்பர் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ளது வேண்டும். வேட்டி, சாரம் (லுங்கி), நைட்டி கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். பிறகு முற்றம். ஆடி மாதத்தில் சிமெண்ட் முற்றத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். கழிவறை வெளியே உள்ள பழைய ஓட்டு வீடுகளில் ராத்திரி விழுகிறவர்கள் அந்தப் பாசியில்தான் விழுகிறார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, கழிவறைவரை கைப்பிடிக் கம்பியும் விளக்கும் போடுங்கள். உயர்ந்த நிலைப்படிக்கு நிறம் பூசுங்கள். சாயா கிளாஸை ஏந்திக்கொண்டு நடக்க விட வேண்டாம், ஒரே நேரத்தில் இரண்டு வேலை இந்த நோயில் நடையைக் குலைக்கும்.

விழுந்தால் எழுவதற்கும் பயிற்சி உண்டு, விழாத நாளிலேயே பாயில் வைத்துப் பழக்குங்கள். ஒரு பக்கம் புரண்டு, முழங்கையை ஊன்றி, கையும் முட்டியுமாக நின்று, கட்டில் வரை தவழ்ந்து, கட்டிலைப் பிடித்து ஒரு காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும். இரண்டாம் முறை விழுந்தாலே மருத்துவரைப் பாருங்கள்.

குளத்தில் நீந்தலாமா? அவர் கடலில் வளர்ந்தவர்.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. வாழ்நாளெல்லாம் நன்றாக நீந்தியவர்களுக்கும் இந்த நோயில் நீந்தும் ஒருங்கிணைப்பு போய்விடக்கூடும். அது போய்விட்டது என்பது தண்ணீரில் இறங்கும்வரை தெரியாது. மூளையில் மின்முனை வைக்கும் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் சிலருக்கு, நடை நன்றாக இருக்கும்போதே நீச்சல் மட்டும் போயிருக்கிறது. குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்தில் போகிற அண்ணாச்சிகளுக்கு இதைச் சொன்னால் நம்புவது கஷ்டம். குளத்தில், ஆற்றில், கடலில் தனியாக இறங்கக் கூடாது. நோய் தெரிந்த பிறகும் கடலுக்குப் போவதானால் மிதவைச் சட்டை இல்லாமல் போகக் கூடாது, கூடப் போகிறவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் ஆள் பக்கத்தில் நிற்க நடப்பது நல்ல பயிற்சி.

யோகா, அடிமுறை செய்யலாமா?

யோகா மனப்பதற்றத்தையும் சோர்வையும் குறைக்கிறது. தலைகீழாக நிற்கிற ஆசனங்களும், ஒற்றைக்காலில் பிடிப்பில்லாமல் நிற்பதும் வேண்டாம்.

அடிமுறை நம் மண்ணின் தற்காப்புக் கலை. அதன் சுவடுகளில், அதாவது அடிவைப்பு முறைகளில், இந்த நோய்க்கு வேண்டிய பலதும் இருக்கின்றன: அகல எட்டு, தாழ்ந்து நிற்பது, எடையை மாற்றுவது, உடம்பைத் திருப்புவது, ஆசான் சொல்கிற சத்தத்துக்கு அசைவது. இளமையில் களரியில் பழகியவர் என்றால் அந்தச் சுவடுகளை மெதுவாக, சுவர் பக்கத்தில் வைத்துத் திரும்பத் தொடங்கலாம். எதிராளியோடு மோதுவது வேண்டாம்.

வர்ம வைத்தியரிடம் தடவல் எடுக்கலாமா? பூனைக்காலி விதை?

விறைப்புக்கு எண்ணெய் போட்டுத் தடவுவது இதமாக இருக்கும், எடுக்கலாம். கழுத்தை நெட்டி முறிக்க விடாதீர்கள். தடவலில் நோயாளி படுத்திருக்கிறார், வேலை செய்வது வைத்தியரின் கை. அதனால் அது பயிற்சிக்கு ஈடாகாது.

பூனைக்காலி விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. அதனாலேயே மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்கக் கூடாது. மாத்திரையோடு சேர்ந்து அளவு கூடினால் வாந்தி, கைகால் நெளிதல், மனக்குழப்பம் வரலாம்.

எவ்வளவு சொன்னாலும் எழும்ப மாட்டேங்கிறார். மடி பிடிச்சுப் போச்சு.

மடி (சோம்பல்) இல்லை அது. ஆர்வம் வற்றிப்போவதும் மனச்சோர்வும் இந்த நோயின் பகுதிகள், நடுக்கத்தைப் போலவே. முகம் அசைவற்று இருப்பதால் கோபமாக இருக்கிறார் என்றும் வீட்டில் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். திட்டினால் இன்னும் ஒடுங்குவார். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பயிற்சிக்கு நேரம் ஒன்று குறித்து, கூட ஒருவர் செய்யுங்கள். “போய்ச் செய்யுங்க” என்பதற்கும் “வாங்க, செய்வோம்” என்பதற்கும் நான் பார்த்தவரை மலையளவு வித்தியாசம்.

குரலும் சுருங்கிவிட்டது. அதற்குப் பயிற்சி உண்டா?

உண்டு, அதே விதிதான். தான் கத்துவதாக அவருக்குத் தோன்றுகிற சத்தம்தான் நமக்குச் சாதாரணச் சத்தம். தினமும் நிமிர்ந்து உட்கார்ந்து “ஆ…” என்று நீளமாக, உரக்கச் சொல்லட்டும். தேவாரமோ வேதாகமமோ குர்ஆனோ செய்தித்தாளோ, அடுத்த அறைக்குக் கேட்கும்படி வாசிக்கட்டும். தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

எங்கே போவது? பணம் அதிகம் ஆகுமா?

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தக்கலை அரசு மருத்துவமனையிலும் கேளுங்கள். வர முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிற வசதி உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். மருந்து பிடிபடாத நிலை, அறுவைசிகிச்சை யோசனை என்றால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் அசைவுக் கோளாறுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

அம்மா படுத்த படுக்கை ஆகிவிட்டார். நான் ஒருத்திதான் பார்க்கிறேன். என் முதுகும் போய்விட்டது. இனிப் பயிற்சி எதற்கு?

அம்மாவுக்கும் உங்களுக்கும், இருவருக்குமாகத்தான். அம்மா தானாகப் புரளக் கற்றால் படுக்கைப் புண் வருவது குறையும், உங்கள் முதுகுக்கும் பாரம் குறையும். முட்டிகளை மடக்கி, பாதத்தை மெத்தையில் ஊன்றி, இடுப்பைத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு மடக்கிய முட்டிகளைச் சன்னல் பக்கம் சாய்த்து, கையையும் அதே பக்கம் வீசச் சொன்னால் உடம்பு கூடவே வரும். வழவழப்பான துணியை இடுப்புக்குக் கீழே விரித்தால் புரள்வது இன்னும் எளிது. அவரால் முடிந்த பாதியை அவரே செய்யட்டும், மீதிக்கு மட்டும் கை கொடுங்கள். மாத்திரை வேலை செய்கிற நேரத்திலேயே குளிப்பாட்டுங்கள், உட்கார வையுங்கள்.

தூக்கும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், தோள் மூட்டு நழுவும். அவர் இடுப்பில் ஒரு அகலமான துணிப்பட்டையைக் கட்டி, நீங்கள் முட்டியை மடக்கி, அந்தப் பட்டையைப் பிடித்து எழுப்புங்கள். வாரத்தில் ஒரு பொழுதாவது அண்ணனையோ நாத்தனாரையோ பக்கத்து வீட்டு அக்காவையோ அம்மாவோடு இருக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். அவர்கள் வந்ததும் அந்தப் பட்டையை எங்கே பிடிப்பது என்று முதலில் காட்டிக்கொடுங்கள்.